அண்ணனின் இடது கண்

என் அண்ணன் ஏகநாதன் சோற்றில் கை வைத்தால் போதும், இடது கண்ணில் தண்ணீர் கொட்டும். வருத்தமெல்லாம் கிடையாது. வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. "வூட்ல அண்ணி கரிச்சிக் கொட்றாங்களா?" என்று கேட்ட ஒருவனை அடிக்கவே போனேன்.

எழுபத்தேழாம் வருஷம் அவருக்கு முகவாதம் வந்தது. காலையில் எழுந்தபோது இடது கன்னம் செத்துக் கிடந்தது, வாய் வலப்பக்கம் கோணியிருந்தது. சில மாதங்களில் வாய் நேரானது. அண்ணி உமையாள் வேண்டிக்கொண்டபடி கோயிலுக்குப் போய் அபிஷேகம்கூடச் செய்துவிட்டாள். அதன் பிறகுதான் இந்தக் கண்ணீர் ஆரம்பித்தது.

பாண்டிச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கெட்டுப்போன நரம்பு திரும்ப வளரும். அது போற வழியில, செல்லுங்களுக்கு மேல அடையாளம் மாதிரி என்னமோ இருக்குன்னு சொல்றாங்க. நரம்போட நுனி அதைத் தொட்டுத் தொட்டு, இது நம்ம இடம், இது இல்லைன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போகுமாம். இவருக்கு எச்சில் ஊற வைக்கப் போக வேண்டிய நரம்பு, கண்ணீர் சுரக்கிற இடத்துக்குப் போயிடுச்சு. இனிமே அந்தக் கண்ணு சோத்துக்குத்தான் சுரக்கும், அழுகைக்குச் சுரக்காது."

"திருப்பி இட்டார முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"அந்த அடையாளம் என்னன்னே இன்னும் யாருக்கும் முழுசா தெரியாதுப்பா. தெரிஞ்சாதானே திருப்புறதுக்கு."

படித்த மனுஷனே கையை விரித்துவிட்டால் மளிகைக் கடைக்காரன் என்ன செய்வான்? திரும்பி வந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகள் ஜெயமணிக்குப் பாகூரிலிருந்து வரன் வந்தது. நெல் மண்டிக்காரர் வீடு. பையன் தங்கமானவன். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜெயமணி எழுந்து உள்ளே போய்விடுவாள். போய்க் கதவோரம் நின்று கேட்பாள். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், "வந்து கை நனைச்சிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம்.

அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெல்லாமல் விழுங்கிப் பார்த்தார். வெறும் மோர்ச் சோறாகத் தின்று பார்த்தார். எதற்கும் அந்தக் கண் மசியவில்லை.

பாகூரில் இலை போட்டார்கள். இரண்டாவது வாய்க்கே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கோகிலாம்பாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க இவ்ளோ கஷ்டமா இருக்குதா?"

அண்ணி பதறிப்போனாள். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நரம்பு இடம் மாறி வளந்துடுச்சாம், அதான். டாக்டரே சொன்னாரு."

"நரம்பு வியாதியா? பொண்ணுக்கும் வருமா?"

வராது என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்படிச் சேர்ந்து சொன்னதே வினையாகிவிட்டது. பாயசம் வரைக்கும் போட்டார்கள். அந்த வாரமே, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று ஆள் வந்து சொன்னான்.

ஜெயமணி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சோறு போட்டதும் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். அவர் சாப்பிடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

தை பிறந்ததும் கரையாம்புத்தூரில் ஒரு இடம் கூடி வந்தது. கை நனைக்கப் போகிற அன்று அண்ணன் சட்டையே போடவில்லை.

"நான் வர்லடா ஜெகநாதா. நீ போயி நனைச்சிட்டு வா. எனக்கு ஜொரம்னு சொல்லிடு."

"பெத்தவன் நீ இருக்கச் சொல்ல, நான் எப்டிண்ணே?"

"பெத்தவன் போயித்தான் ஒண்ணு கெட்டுச்சே. போடா."

போனேன். அவருக்குப் போட்ட பாயில் உட்கார்ந்து, அவர் சாப்பிட வேண்டிய சோற்றை நான் சாப்பிட்டேன். என் கண் ஒழுங்காக இருந்தது. சம்பந்தம் முடிந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் கடையில் இருந்தார். "முடிஞ்சிதுண்ணே" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கொழம்பு இன்னா வச்சிருந்தாங்க?"

"முருங்கக்கா சாம்பார்."

"பொரியலு?"

"வாழக்கா."

"நெய்யி யாரு ஊத்துனது?"

"மாப்ளையே வந்து ஊத்துனாருண்ணே. போதும்னாலும் வுடல."

அண்ணனின் வலது கண்ணில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. இடது கண் காய்ந்து கிடந்தது. எதிரே சோறு இல்லையே.

உள்ளேயிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.