மெழுகு மாப்பிள்ளை

ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், அந்த வீட்டுக்காரர் வந்தவரின் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வது கணக்கில் வராது. பெரியவருக்கு ஒன்று, அவர் விரலைப் பிடித்து வரும் குழந்தைக்கு ஒன்று என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் உள்ளே போகலாம். சொல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். திருச்செங்கோட்டு வெங்கடாசலத்துக்கு இதில் எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. மானமுள்ள குடும்பத்தில் பிறந்தவருக்குச் சந்தேகம் வர வேண்டிய விஷயமும் இல்லை.

அப்படித்தான் மூன்று வருடங்களுக்கு முன் மோகனூரில் தங்கை பாவாயியின் புதுமனை புகுவிழாவுக்குப் போனவர், சீர்த்தட்டோடு வாசலிலிருந்தே திரும்பி வந்தார். பாவாயியின் கணவர் பொங்கியண்ணன் அன்றைக்கு வாசலில்தான் நின்றார். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு "வாங்க" சொன்னார். பந்தல்காரருக்குச் சொன்னார். மச்சான் எதிரே வந்து நின்ற நேரம் பார்த்துப் பாழாய்ப்போன செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வெங்கடாசலம் போர்வெல் ரிக் வண்டி ஓட்டியே முன்னுக்கு வந்தவர். நாலு மாநிலத்துப் பாறையைத் துளைத்தவருக்கு அந்த முதுகோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை. காரைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

"வாசல் வரைக்கும் வந்த மனுசன் ஒரு நிமிசம் பொறுக்கப்படாதா?" என்று பொங்கியண்ணன் கேட்டதாகப் பிறகு காதுக்கு வந்தது. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அதோடு பேச்சு நின்றது.

இப்போது வெங்கடாசலத்தின் கடைசி மகன் இளவழகனுக்குக் கல்யாணம். எல்லா ஊருக்கும் பத்திரிகை வைத்தாகிவிட்டது, மோகனூர் மட்டும் பாக்கி. தங்கை வீட்டுக்குத் தபாலில் அனுப்ப முடியுமா? நேரில் போய் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத்தான் தர வேண்டும். "வாங்க" சொல்லாத வாசலை வெங்கடாசலம் மிதிக்க மாட்டார். முறையாக அழைக்காத கல்யாணத்துக்குப் பாவாயி வர மாட்டாள். கூடப்பிறந்த ஒரே தங்கை இல்லாத பந்தலை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சேலத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்த அன்று, மனைவி கந்தம்மாள் காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஏற்காடு அடிவாரம் போற ரோட்டுல மெழுகுச் சிலையா செஞ்சு வெச்சிருக்காங்களாமா. ஊரே போய்ப் பாத்துட்டு வருது. நாமளும் ஒரு எட்டுப் போய்ட்டு வரலாங்களா?"

"மெழுகுல என்ன இருக்குது பாக்கறதுக்கு?"

"பாத்தா மெழுகுன்னே தெரியாதாமுங்க. நெசமான ஆளுன்னு ஏமாந்து போயிர்றாங்களாமா."

"ஏமாறவங்க ஏமாறுவாங்க," என்றார் வெங்கடாசலம். இளவழகன் அதற்குள் வண்டியைத் திருப்பியிருந்தான்.

வாசலிலேயே பெரிய மீசையும் தலைப்பாகையுமாக ஒருவர் கைகூப்பி நின்றார். பரவாயில்லை, மரியாதை தெரிந்த இடம்தான் என்று வெங்கடாசலமும் துண்டைச் சரிசெய்து கைகூப்பினார்.

"வணக்கமுங்க. எந்தூருங்க நீங்க?"

பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அப்பா," என்றான் இளவழகன் மெதுவாக, "அது சிலைங்கப்பா."

வரிசையே சிரித்தது. கந்தம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இனி அசையாத எதையும் மதிப்பதில்லை என்று வெங்கடாசலம் அந்த இடத்திலேயே முடிவு செய்தார். அப்புறம் ஒரு வெள்ளைக்கார ராணியைக் கடந்தார், விண்வெளி உடுப்புக்காரரைக் கடந்தார், கதாயுதம் தூக்கிய பயில்வானைக் கடந்தார். யாருக்கும் தலையைக்கூட அசைக்கவில்லை. மூலையில் நாற்காலி போட்டு நீலச்சட்டைக் காவலாளிச் சிலை ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். அதன் கன்னத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"எல்லாத்தையும் செஞ்சவன் இதுக்குச் சவரம் பண்ண மறந்துட்டானே!"

"நைட் டூட்டிங்க ஐயா," என்றது சிலை. "கண்ணுல மட்டும் குத்திப்புடாதீங்க."

கந்தம்மாளுக்கு நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். "நீங்க முன்னால போங்க. நாங்க சிரிச்சு முடிச்சுட்டு வாரோம்," என்றாள் மூச்சு வாங்க. வெங்கடாசலம் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு அடுத்த அறைக்குள் தனியாக நுழைந்தார்.

அங்கே ஒரு டீக்கடை. மெழுகு மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றிய டீ அந்தரத்தில் கயிறுபோல நின்றது. பெஞ்சின் ஒரு பக்கம் மெழுகு ஆள் ஒருவர் பேப்பர் படித்தார். மறுகோடியில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

'அட, மோகனூர் மாப்பிள்ளையாட்டவே இருக்குதே!' என்று கிட்டே போனார். அதே மூக்கு. அதே காது மடல். அந்தக் காது மடலுக்குப் பின்னாலிருந்து வேர்வை கோடாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது.

மெழுகுக்கு வேர்க்காது.

சிலை இல்லை, பொங்கியண்ணனேதான். பார்வையை டீ மாஸ்டர் மேல் குத்தி வைத்து, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். ஏன் என்று வெங்கடாசலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர் கண்ணில் வந்தவர் பட்டுவிட்டால் "வாங்க" சொல்லியாக வேண்டும். சொன்னால் மூன்று வருட வீம்பு போச்சு. சொல்லாவிட்டால் இரண்டாம் தடவையும் மரியாதை தெரியாதவர் என்று ஆகும். சிலையாகிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. அந்த இடத்தில் நாம் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. தங்கையைச் சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறோம்!

அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையிடம் வலியப் போய்ப் பேசினால்தானே தலை தாழும்? சிலையிடம் பேசினால் யாருக்குத் தாழும்?

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல சிலை," என்றார் சத்தமாக. "எங்க மாப்பிள்ளையாட்டமே செஞ்சிருக்காங்க. அவரு இதைவிடக் கொஞ்சம் கலரு."

சிலையின் மீசை லேசாகத் துடித்தது.

"கோவம் ஒண்ணுதான் சாஸ்தி. மத்தபடி தங்கமான மனுசரு. பாவாயிய ஒரு சொல்லுச் சொன்னதில்லை. எங்கப்பன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, கரும்பு வெட்டப் பாதியில உட்டுப்போட்டு வந்து கூடவே கெடந்தாரு. எங்கப்பனுக்கு வாய்க்குக் கஞ்சி ஊத்துனது அந்தக் கைதான். நான் மறக்கலை." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சின்னவனுக்குக் கல்யாணம். அவரும் தங்கச்சியும் வந்து நின்னாத்தான் எனக்குப் பந்தல் நெறையும். இத அவருகிட்டச் சொல்ல முடியலை. சிலைங்கறதால சொல்றேன்."

சிலையின் கண்ணில் நீர் கோத்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று கலகலவென்று உள்ளே வந்தது.

"ஏய், இந்தத் தாத்தாவப் பாருடி! கண்ணுல தண்ணியெல்லாம் வெச்சிருக்காங்க!"

பெஞ்சு நிறைய உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வெங்கடாசலம் விறைத்துப்போய் அப்படியே நின்றார்.

"இதுவும் சிலையாடி?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. இது ரொம்ப வெறப்பா இருக்கு. அவ்வளவு நல்லா வரலை."

இன்னொருத்தி போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று பொங்கியண்ணனின் துண்டை இழுத்துச் சரிசெய்தாள். துண்டின் முனை அவர் மூக்கில் உரசியது. அடக்கி வைத்த மூச்செல்லாம் சேர்ந்து ஒரே தும்மலாக வெடித்தது.

பெண்கள் வீலென்று கத்தி ஒரே சமயத்தில் எழுந்தார்கள். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கியடிக்க, கோடியில் இருந்த பொங்கியண்ணன் சறுக்கினார்.

"மாப்பிள்ளை! பாத்துங்க!" என்று வெங்கடாசலம் பாய்ந்து பிடித்தார்.

"ஐயோ, இந்தச் சிலையும் பேசுதுடி!"

பிடித்த கையை இரண்டு பேரும் விடவில்லை.

"நீங்கதான் மொதல்ல சொல்லியிருக்கோணும்," என்றார் வெங்கடாசலம். "உக்காந்திருந்தது நீங்க."

"சிலை எப்படிங்க மச்சான் சொல்லும்?"

"இப்பப் பேசுதே!"

"தும்முன பொறவுதானுங்க."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வெங்கடாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெழுகு ஆளின் தோளில் சாய்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கந்தம்மாளும் பாவாயியும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், பின்னாலேயே இளவழகனும். இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்தது யார் வேலை என்று அப்போதே தெரிந்துபோனது.

"ஏனுங்கண்ணா," என்றாள் பாவாயி, "எங்க ஊட்டுக்காரரு உருகிட்டாருங்களா?"

"ரெண்டு பேரையும் இங்கயே நிறுத்தி வெச்சுட்டுப் போலாம் பாவாயி," என்றாள் கந்தம்மாள். "ராணியவிட இவங்களுக்குத்தான் கூட்டம் வருது."

இளவழகன் பத்திரிகையை எடுத்து வரக் காருக்கு ஓடப் பார்த்தான். வெங்கடாசலம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது பொம்மை ஊடு. இங்க வெச்சா என் தங்கச்சிக்கு என்ன மரியாதை? நாளைக்கு மோகனூருக்கு வாரோம்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அந்த வாசல் எல்லோர் நினைவுக்கும் வந்தது.

"நானும் இங்க சொல்லமாட்டனுங்க மச்சான்," என்றார் பொங்கியண்ணன். "இங்க சொன்னாக் கணக்குல வராது."

"வராது," என்று வெங்கடாசலம் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் கார் மோகனூருக்குள் திரும்பியபோது, வீட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே சாலை முனையில் பொங்கியண்ணன் நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் செல்போன் இல்லை. காரைக் கண்டதும் வாயைத் திறந்து மூடினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் உள்ளே சத்தம் வரவில்லை.

"சொல்லிட்டாருங்க. எறங்குங்க," என்றாள் கந்தம்மாள்.

"எனக்குக் கேக்கலை."

"இந்த மனுசரோட..." என்று அவள் எட்டிக் கண்ணாடியை இறக்கினாள். ஆலையில் காயும் கரும்புப் பாகின் வாசம் குப்பென்று உள்ளே வந்தது.

"வாங்க மச்சான்!" என்று அந்தத் தெருவே கேட்கும்படி கூப்பிட்டார் பொங்கியண்ணன். "வாங்க அக்கா! வா சாமி இளவழகா! வாங்க, வாங்க!"

வெங்கடாசலம் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, நிதானமாக இறங்கினார்.