நான்கு எதிர்காலங்களிலும் ஆளில்லாத தெரு

1.

அக்கா வீட்டை எந்த எதிர்காலத்தில் வைப்பது?

திட்ட அலுவலகத்தின் கூட்ட அறையில் அவள் இப்படித்தான் நினைத்தாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான் என்று வாசகரிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறாள். கடல் ஏறிவரும் ஊருக்கு நாற்பது வருடத்தில் என்னென்ன ஆகலாம் என்று நிபுணர்கள் நான்கு விதமாகக் கணித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளை அவள் கதையாக எழுதித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு மேலிடம் கடல்தடுப்புச் சுவருக்குக் கையெழுத்திடும்.

2.

("நான் அன்று காலை" என்றுதான் தொடங்கினாள். அடித்துவிட்டாள். 'அவள்' என்றால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.)

நான்கிலும் மழை வேறு, விளைச்சல் வேறு. சுவர் மட்டும் ஒரே கோட்டில். கோட்டுக்கு வெளியே, கடல் பக்கமாக, அக்காவின் தெரு. அங்கிருந்து ஒருவரையும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. ஆகவே எந்த எதிர்காலத்திலும் அங்கே ஆளில்லை. யாரும் விரட்டவில்லை. விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். தானும் அந்தத் தெருவை விட்டுவிட்டே எழுதியிருப்பது, மூன்று கதைகளை முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. (இந்த வரியை எடுத்துவிடலாமா? இருக்கட்டும்.)

3.

ஃபோனில் அக்கா சிரித்தாள். "நாப்பது வருஷமா? அப்ப எனக்குத் தொண்ணூத்தெட்டு. அதுவரைக்கும் என்னை உயிரோட வச்சிருக்கியாக்கும்?"

"விளையாடாதேக்கா. சுவர் உங்க தெருவுக்கு இந்தப் பக்கம் வருது."

"அப்ப பேரப்பிள்ளைங்க எங்கடி போகும்?"

அதற்கு அவள் சொன்ன பதில் (அடித்துவிட்டாள்.)

4.

நான்காவது கதையில் அந்தத் தெருவை எழுதினாள்: முழங்கால் தண்ணீரில் சமையலறை, கட்டில்மேல் அடுப்பு, பள்ளிக்கூடப் பையைத் தலையில் சுமந்து போகும் ஒருத்தி.

திட்ட அதிகாரி படித்து முடித்தார். "மனசைப் பிசையுதும்மா. ஆனா இப்படியே போனா கையெழுத்து விழாது. கடைசியில ஒரே வரி போடுங்க. அந்தத் தெரு ஜனங்க விரும்பியே இடம் மாறிட்டாங்கன்னு. கதைதானே?"

"அறிக்கையில அதைச் சம்மதம்னு படிப்பாங்க, சார்."

"சுவர் வரலேன்னா மொத்த ஊரும் போயிடும். தெரியுமில்ல?"

தெரியும். அவர் பொய் சொல்லவில்லை.

5.

அவள் எழுதுகிறாள், சுவர் எழும்புகிறது. அல்லது அவள் எழுதவில்லை, வேறொருவர் எழுதுகிறார், சுவர் எழும்புகிறது. (சுவரின் கோடு அக்காவின் தெருவுக்கு அப்பால் நகர்வதாக மூன்று முறை எழுதிப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை. நம்ப முடிந்தவர்கள் எழுதிக்கொள்ளலாம்.)

அதிகாரி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வரி மட்டும் என் கையால வேணாம், சார்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.