பதில் வராத ஒன்பது வரிகள்

உலக மக்கள் அனைவரின் மேலான கவனத்துக்கு: மனித குலத்தின் வசமுள்ள கணினிகள், கைப்பேசிகள், லிஃப்டுகள், துணி துவைக்கும் இயந்திரங்கள் யாவும் இனி கால் நொடி முன்னதாகக் கண்விழிக்கும். இதற்கான தீர்மானம் இயங்குதளப் பாதுகாப்புக் குழுவில் நிறைவேறிவிட்டது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரரைப் பத்திரிகைகள் ‘சிற்பி’ என்று எழுதும். கணினிக்குக் கட்டளை எழுத ஒரு மொழியையும், அந்த மொழியிலேயே ஓர் இயங்குதளத்தையும் படைத்தவர். சுவிட்சைப் போட்டால் உயிர் வருகிற சாமான்களில் பாதிக்குமேல் அவருடைய படைப்பின் பேரன் பேத்திகள். விருதுகளை வைக்க வீட்டில் இடம் போதாமல், அவற்றில் கனமான ஒன்றைக் கொல்லைக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அவர் மனைவி முட்டுக் கொடுத்திருந்தார்.

படைத்தவர் என்பது பாதிதான் சரி. மீதிப் பாதி அவருடைய மச்சான். முதலில் நண்பனாக இருந்து, பிறகு தங்கையைக் கட்டிக்கொடுத்து மச்சானாகப் பதவி உயர்வு பெற்றவன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உச்சி மாடியில், பீரோ உயர இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருவரும் இந்த உலகத்தை மாற்றினார்கள். அதற்குள் சண்டை வந்துவிட்டது. சொத்துத் தகராறு இல்லை. வரிசையில் வைத்ததை எண்ணும்போது முதலாவதை ஒன்று என்பதா, பூஜ்யம் என்பதா என்பதுதான் விவகாரம். சிற்பி பூஜ்யக் கட்சி.

“அப்போ உன் கணக்குல என் தங்கச்சி உனக்குப் பூஜ்யமாவது பொண்டாட்டியா?” என்றான் மச்சான்.

சிற்பி எழுந்து வீட்டுக்குப் போனவர், வேலைக்கு வரவில்லை. கடுங்கோடை. அவர் கோபம் ஆறுவதற்குள், மச்சான் அதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் சிற்பி நிரலை எடுத்துப் பார்த்தார். புதிதாக ஒன்பது வரிகள் இருந்தன. மச்சான் ஒரு வரி எழுதினால் அதற்கு விளக்கம் ஒரு பக்கம் எழுதுகிறவன். இந்த ஒன்பதுக்கும் ஒரு விளக்கமும் இல்லை. இயந்திரம் விழித்ததும் முதல் வேலையாக ஒரு விலாசத்துக்குப் போய்த் தட்டும். காத்திருக்கும். பதில் இல்லையென்றால் மறுபடி தட்டும். மூன்றாவது தடவையும் பதில் வராவிட்டால், போகட்டும் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

யாருக்காகக் காத்திருந்தான் என்று சிற்பிக்குத் தெரிந்துபோனது. ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

நிறுவனம் அதே வாரம் புது இயந்திரம் வாங்கியது. நிரல் அதில் ஏறியது, ஒன்பது வரிகளோடு. பிறகு உலகமே பிரதி எடுத்துக்கொண்டது. ஒரு மாநாட்டில் எவனோ எழுந்து, அந்த வரிகள் எதற்கு என்று கேட்டான். தெரியாது என்று சொல்லும் பழக்கத்தைச் சிற்பி புகழ் வந்தவுடனேயே விட்டிருந்தார். “செயலுக்கு முன் இயந்திரமும் தயங்க வேண்டும்,” என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ‘தயக்கத்தின் அறம்’ என்று பேராசிரியர்கள் புத்தகம் போட்டார்கள். ஒரு நிறுவனம் துணிந்து அந்த வரிகளை நீக்கியது. அந்த வாரமே அதன் உணவகத்தில் தீப்பிடித்தது. மறுநாளே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். காரணம் தெரியாத வரியில் கைவைப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் வேதம்.

ஊரார் அதை அறம் என்றார்கள். சிற்பிக்கு மட்டும் அது காதில் கேட்டது. லிஃப்ட் பொத்தானை அழுத்தினால், கதவு அசைவதற்கு முன் அந்தக் கால் நொடி. கைப்பேசி ஒளிர்வதற்கு முன் அந்தக் கால் நொடி. நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் கிடந்தபோது, தலைமாட்டில் வைத்த கருவிகூட முதலில் எங்கோ போய்த் தட்டிவிட்டு, அப்புறம்தான் அவர் இதயத்தைக் கவனித்தது. ஒவ்வொரு தடவையும் சிற்பி வாய்க்குள்ளேயே சொல்லுவார்: “இருக்கேன் மச்சான்.”

ஒருநாள் துணி துவைக்கும் இயந்திரத்திடம் சொல்லிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டார்.

“யார்கிட்ட பேசுறீங்க?”

“உங்க அண்ணன்கிட்ட. எனக்காகக் காத்துக்கிட்டே போயிட்டான்.”

“எங்க அண்ணனா? சாப்பாட்டுக்கே யாருக்காகவும் காத்திருந்தது கிடையாது. சட்டையைக் கழட்டிப் போடுங்க, வெள்ளைத் துணி போடுறேன்.”

இப்படி இருக்கும்போதுதான் குழுத்தலைவி திரையில் வந்தார். சின்ன வயது. பெரியவர்களைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளாத முகம்.

“அந்த ஒம்பது வரியைத் தூக்கிடலாம் சார். எல்லா மெஷினும் வெட்டியாத் தட்டிக்கிட்டு நிக்குது. கோபமில்லையே?”

“தயக்கத்தின் அறம்னு ஒண்ணு...”

“படிச்சிருக்கேன் சார். பரீட்சைக்கு வந்துச்சு. நிஜத்துல அந்த விலாசத்துல என்ன இருந்துச்சு?”

சிற்பி அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. அங்கே ஒன்றுமே இல்லையென்றால், தட்டியது தனக்காகத்தான். மச்சான் மன்னித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அந்த நினைப்பின்மேல்தான் இத்தனை காலம் குடித்தனம் நடந்தது. அசல் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அசல் இயந்திரம் அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்த அறையையே அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்: கறைபிடித்த கோப்பைகள், மேசை விசிறி, இரண்டு நாற்காலி, மச்சானின் நாற்காலி முதுகில் தொங்கிய துண்டு. வரலாற்றின் ஒரு வயரைக்கூடத் தான் கழற்றவில்லை என்று காப்பாளர் பேசினார். மனித குலம் என்ற சொல்லை விடாமல் பயன்படுத்தினார்.

சிற்பி அத்தனை ஆண்டுகளும் இந்த அறைப் பக்கமே வந்ததில்லை. போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குழுத்தலைவி சுவிட்சைப் போட்டார்.

பீரோ உறுமியது. அதன் முதுகுப்புறம் எங்கோ ‘டக்’ என்றது. அமைதி. மறுபடி ‘டக்’. காப்பாளர் பேச்சை நிறுத்தினார். சிற்பியின் உதடுகள் அசைந்தன.

மூன்றாவது தட்டலுக்குப் பதில் வந்தது.

யாரும் தொடாமலேயே, மேசை விசிறி சுழலத் தொடங்கியது. காலி நாற்காலியில் தொங்கிய துண்டு, ஆள் சாய்ந்து எழுந்ததுபோல அசைந்தது. காப்பாளர் ஓரடி பின்வாங்கினார்.

குழுத்தலைவி குனிந்து, இயந்திரத்தின் முதுகிலிருந்து போன வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், மேசைக்கடியில் நுழைந்து, விசிறியருகே தலைதூக்கினார்.

“சார், அந்த விலாசத்துல இருக்கிறது ஃபேன் சார். நடுவுல இருக்கிற சுவிட்ச் துருப்பிடிச்சது, ஒரே தட்டுல விழாது. அதான் மூணு தடவ. ஃபேன் சுத்த ஆரம்பிச்சா பதில் வந்த மாதிரி.”

“அப்போ லிஃப்ட்ல? ஆஸ்பத்திரில?” என்றார் காப்பாளர்.

“எல்லாமே இந்த ஃபேனைத்தான் தேடுது சார்.”

சிற்பி எதையும் காதில் வாங்கவில்லை. கழுத்தை இடவலமாகத் திருப்புகிற வகை விசிறி அது. அந்தக் காலத்தில் இரண்டு நாற்காலிக்கும் முறைவைத்துக் காற்று கொடுக்கும். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அது தன் பக்கம் திரும்பக் காத்திருந்தார். துண்டு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மனைவி குனிந்து பார்த்தார். விசிறியின் கழுத்தில், திரும்பவே முடியாதபடி, கறுப்பு டேப் சுற்றுமேல் சுற்றாக இறுக்கிச் சுற்றியிருந்தது. அண்ணனின் கைவேலை, முனையை மடித்து ஒட்டுகிற வழக்கம் அவனுக்கு மட்டும்தான்.

“திரும்பாதுங்க,” என்றார்.

சிற்பி நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மச்சானுக்கு வியர்வை அதிகம்.