மேலே ஒரு டைலர் இருந்தார்

அக்கா ஆறு வருடம் செய்த கிரேன் பயிற்சி முழுவதும் தரை வழியாகக் கசிந்து கீழ்வீட்டு டைலரின் கைகளில் சேர்ந்திருந்தது என்பது ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்குத் தெரியவந்தது. அதுவரை அவளுக்குக் கை வராது என்றுதான் நினைத்திருந்தோம். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராகச் சேர ஒரு பரீட்சை உண்டு. விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய வாளியைக் கொக்கியில் தூக்கி, ஏழு கம்பங்களுக்கு நடுவே வளைத்துக் கொண்டுபோய், சிந்தாமல் ஒரு முக்காலியில் வைக்க வேண்டும். மூன்று வாய்ப்புதான் தருவார்கள். அக்கா இரண்டு முறை போய், இரண்டு முறையும் பரீட்சை அதிகாரியின் காலணியை நனைத்துவிட்டு வந்திருந்தாள். பயிற்சியில் குறை வைக்கவில்லை. துறைமுகக் கேன்டீனில் டீ போட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு மர நாற்காலியின் இரு பக்கமும் துடைப்பக் கம்புகளைப் பொருத்திக் கொடுத்திருந்தார். அதில் உட்கார்ந்து தினமும் சாயங்காலம் நான்கு மணி நேரம் அலமாரியையும் கட்டிலையும் அம்மாவையும் மனசுக்குள் தூக்கி இடம் மாற்றினாள். ஆபரேட்டர்கள் குடியிருப்புப் பிள்ளைகளோ கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்போல வந்து, முதல் முறையே தேறிவிட்டுப் போனார்கள்.

"அதுங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு. ரத்தத்துல இல்லாதது தொடப்பக் கட்டையில வருமா? இவளுக்கு ஒரு கல்யாணத்த முடிங்க, புருஷனத் தூக்கி இறக்கட்டும்" என்பார் அத்தை.

அந்தப் புதன்கிழமை, தைத்த காக்கிக் கால்சட்டைகளைக் கொடுக்க டைலர் துறைமுகம் போயிருந்தார். அவருக்கு உயரம் ஆகாது. பல்பு மாற்றக்கூட மனைவியைத்தான் ஸ்டூலில் ஏற்றுவார். அன்று கிரேன் ஆபரேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடிவிட, நாற்பதாயிரம் முட்டைகள் இருந்த பெட்டி ஒன்று ஆகாயத்தில் தொங்கியது. டைலரின் கைகள் அரித்தன. கால்கள் அவரைக் கேட்காமல் ஏணியில் ஏறின. கழுத்தில் அளவு நாடாவோடு, கண்களை இறுக மூடிக்கொண்டு, பெட்டியை லாரியில் இறக்கினார். ஒரு முட்டையும் உடையவில்லை. சூப்பர்வைசர் அன்றே அவரை வேலையில் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் டைலர், மாடிப்படியின் சுவரைத் தடவித் தடவி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

"இது உன்னோடதும்மா. ஆறு வருஷமா சாயங்காலமானா தலைமேல சாரல் மாதிரி ஏதோ விழும், கை கனக்கும். வயசாகுதுன்னு நினைச்சேன்."

"அப்ப ஏன் வேலைய ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் அக்கா.

"எங்க ஒத்துக்கிட்டேன்? தொப்பியத் தலையில கவுத்துட்டாங்க. எப்படித் திருப்பித் தர்றதுன்னு சொல்லு, இப்பவே தர்றேன்."

அப்போதுதான் ஆபரேட்டர்கள் குடியிருப்பு மூன்று மாடி என்பது எங்களுக்கு உறைத்தது. எல்லா மாடியிலும் ஆபரேட்டர்கள். கீழே பிறந்த பிள்ளைகள் தொட்டிலிலேயே பாதி கற்றுவிட்டிருந்தார்கள். எங்களுக்கு மேலே மொட்டைமாடியும் புறாக்களும்தான். அதனால் எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த ஊரிலும் வழி தவறியதில்லை. வேறு பெரிய லாபம் எதுவும் இல்லை.

"மேல இருந்துதான் கீழ வருதுன்னா, நீங்க மேல வாங்க, நாங்க கீழ போறோம். இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றிக்கொண்டோம். நாற்காலி மட்டும் மேலேயே இருந்தது. கடைசிப் பரீட்சைக்குப் பதினோரு மாதம் இருந்தது. டைலர் பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிரேனில் இருப்பார், சாயங்காலம் நான்கு மணி நேரம் நாற்காலியில் இருப்பார், மிச்ச நேரத்தில் தைப்பார். அந்த வருடம் எங்கள் தெருவில் பலருக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை அமைந்தது. அக்கா கீழே அவருக்கு நேர் அடியில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் மாதம் கை கனத்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளும் இரண்டு கம்பு வாங்கி ஆட்டினாள். அது மண்ணுக்குள் போனது. எங்கள் வீட்டு எறும்புகள் சர்க்கரையை நெட்டுக்குத்தாகத் தூக்கி இறக்கத் தொடங்கின. பத்தாவது மாதம் டைலர் ஜாதிக்காய் நிரம்பிய இரண்டு பெட்டிகளை இடித்து நொறுக்கினார். வேலை போனது. உடம்பெல்லாம் ஜாதிக்காய் மணக்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

பரீட்சை அதிகாரி இந்த முறை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தார். கடல் காற்று பலமாக இருந்தது. வாளி ஏழு கம்பங்களையும் சுற்றி முக்காலியில் அமர்ந்தபோது, அதில் மிதந்த வேப்பிலைகூடத் திரும்பிப் படுக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும், இவளுக்கு ரத்தத்துலயே இருந்திருக்கு" என்றார் அத்தை.

அதன்பின் இருபத்தொன்பது வருடம் அக்கா கிரேனில் இருந்தாள். அதற்கு அடியில் நடந்த சுமைதூக்கிகளில் பதினான்கு பேர் பின்னாளில் ஆபரேட்டர்கள் ஆனார்கள். மதியம் அந்த நிழலில் படுத்துத் தூங்கிய காவலாளியும் ஆனார். ஓய்வு பெற்றபோது பத்திரிகைக்காரர் ஒருவர் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டார். "மேல ஒரு டைலர் இருந்தாரு" என்றாள். 'கடின உழைப்பு' என்று போட்டார்கள். எங்கள் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்கள், தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன் மேல்வீட்டில் யார் என்று கேட்பார்கள்.

கடைசி இரண்டு வருடம் அக்கா, டைலர் எப்போதோ காலி செய்திருந்த மாடிவீட்டில் படுத்திருந்தாள். கைகள் மட்டும் போர்வைக்குமேல் எதையோ மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கும். கீழே ஒரு பிரசவ நர்ஸ் குடிவந்திருந்தார். அக்கா போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. மேலே இப்போது யாரும் இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் தன் கை கனப்பதாக நர்ஸ் சொல்கிறார். அந்த நேரத்தில் நாங்கள் அவரைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் அவர் கையில் இரட்டைக் குழந்தைகள் இறங்கின. இரண்டும் தூங்கிக்கொண்டே வந்து, தொட்டிலில் வைத்த பிறகுதான் அழுதனவாம்.