கிணற்றுக்கு வந்து சேர்ந்த காடு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வெள்ளத்தாய் வீட்டுக் கிணற்றில் பவளம் முளைத்தது. தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்ட வாரம் என்பதால் வருடம் யாருக்கும் மறக்கவில்லை, இரண்டாயிரத்துப் பத்தொன்பது. நெடுங்காலமாக வறண்டு, ஓட்டை வாளியும் பழைய டயரும் கிடந்த கிணறு அது. ஒரு காலையில் அடியில் கருநீலத் தண்ணீர் நின்றது. வாயில் வைத்தால் உப்பு, கையை விட்டால் ஐஸ். உள்ளே வெள்ளை வெளேரென்று கிளைகிளையாக ஒன்று நின்றது. ராஜபாளையத்திலிருந்து நகை ஆசாரி ஒருவர் பஸ் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் இல்லை என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அது அந்த வீட்டுக்கு வந்ததில் தெருவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. வெள்ளத்தாயின் மகள் ஆனந்தவல்லி கடல் விஞ்ஞானி. தூத்துக்குடிக்குத் தெற்கே, வெயில் எட்டாத ஆழத்தில் இருக்கும் ஒரு பவளக்காட்டை இருபது வருடமாக ஆராய்ந்தவள். ஊரில் அவள் டாக்டரம்மா. லீவில் வந்தால் சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவளும் கஷாயம் சொல்லி அனுப்புவாள். அந்தக் காட்டை அவள் தொட்டது கிடையாது. கப்பலிலிருந்து கேமராவை இறக்கித் திரையில் பார்த்ததோடு சரி. அதன் கிளைகளுக்குள்தான் மீன் முட்டையிடுகிறது, கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலை அங்கே போகக் கூடாது, போனால் காடும் போகும், பின்னாலேயே மீனும் போகும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். அதிகாரிகள் முந்திரிப்பருப்பு தின்றுகொண்டே தலையாட்டினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். படகுக்காரர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. கரையோரத்தில் மீன் அற்றுப்போனதால்தான் ஆழத்துக்குப் போனார்கள்.

செய்தி கேட்டு ஓடி வந்த ஆனந்தவல்லி கிணற்றுக்குள் கேமராவை இறக்கினாள். மான் கொம்பாக வளைந்த மேற்குச் சரிவுக் கிளையைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நம்ம காடும்மா. தப்பிச்சு வந்துட்டு."

"வந்தா இருந்துட்டுப் போவுது. நமக்குத்தான் போர் தண்ணி இருக்குல்லா" என்றாள் வெள்ளத்தாய்.

ஆனந்தவல்லி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டாள். கடலில் ஒரு சாண் வளர ஒரு ஆயுள் எடுக்கும் பவளம் இங்கே ராத்திரியோடு ராத்திரியாக ஏறியது. பக்கத்து வீட்டு முனீஸ்வரி கிணற்றுச் சுவரில் மஞ்சள் பூசி வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தாள். வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் தேங்காய் பழத்தோடு வந்தார்கள்.

பிறகு ஒருநாள் கப்பலிலிருந்து அவளுடைய மாணவன் கௌதம்ராஜ் போன் செய்தான். "மேடம், கிழக்குச் சரிவுல ஒண்ணுமே இல்ல. மடி இழுத்த தடம்தான் கிடக்கு." அன்று காலையில்தான் கிழக்குச் சரிவுக் கிளைகள் கிணற்றுக்குள் வந்திருந்தன. காடு வளரவில்லை, அங்கே ஒடிந்தது இங்கே வந்துகொண்டிருந்தது. நுனிகளில் பூவாக விரியவேண்டிய உயிர் ஒன்றுகூட விரியவில்லை என்பதை அவள் முதல் நாளே பார்த்திருந்தாள், ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. ஒரு கிளையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு அதிகாரிகளிடம் போனாள். கிணற்றில் எடுத்தது கடலுக்குச் சாட்சியாகாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கொரோனா ஊரடங்கில் படகுகள் கரையில் நின்றபோது கிணற்றில் பவளம் ஏறவில்லை. நாடே கலங்கிக் கிடந்த அந்த நாட்களில் அவள் ஒருத்தி நிம்மதியாகத் தூங்கினாள். படகுகள் போனதும் மறுபடி ஏறியது. போன ஆடியில் விளிம்பைத் தொட்டது.

"மேடம், வெறும் மணல்தான்" என்றான் கௌதம்ராஜ்.

"தெரியும் தம்பி. எல்லாம் இங்க வந்து சேந்துட்டு."

போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என்னவென்று கேட்ட முனீஸ்வரியிடம், செத்துப்போச்சு என்றாள். முனீஸ்வரி சுவரின் மஞ்சளைக் கழுவிவிட்டுத் தெருப் பெண்களைக் கூட்டிவந்தாள். சாவு வீட்டில் துட்டி விசாரிக்கப் போனால் கேட்கிற கேள்வியையே கேட்டார்கள்.

"எத்தன வயசு இருக்கும்க்கா?"

"நாலாயிரம்."

"நாலாயிரமா! கல்யாணச் சாவுல்லா இது. இதுக்கா அழுவுதிய? ஆள் விட்டுக் கொட்டுக்காரரக் கூப்பிடுவோம்" என்றாள் முனீஸ்வரி.

"கல்யாணச் சாவுன்னா நெய்ப்பந்தம் புடிக்கப் பேரன் பேத்தி வேணும்லா முனீஸ்வரி. இதுக்கு ஒண்ணுகூட இல்ல."

கொட்டுக்காரரைக் கூப்பிட யாரும் போகவில்லை. பெண்கள் தலையை விரித்துப்போட்டு, வயசுப் பிள்ளை செத்தால் அழுவதுபோல மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் கடல் மீன் அபூர்வம். குளத்துக் கெண்டைதான் கிடைக்கிறது. பவளத்தின் நுனிகள் கிணற்றுச் சுவருக்கு மேல் ஒரு முழம் நிற்கின்றன. வெயில் நாளில் முனீஸ்வரி அவற்றின் மேல் துணி காயப்போடுகிறாள். சாயந்தரமானால் ஆனந்தவல்லி துணிகளை எடுத்து, மடித்து, முனீஸ்வரி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறாள்.