கொலு லைட்டும் அவரைப் பந்தலும்

புரட்டாசியில் சூடாமணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. தை பிறக்கும் வரை மாடிப்படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். அவள் கவலைப்பட்டது முழங்காலைப் பற்றி இல்லை, மொட்டைமாடியில் ஆடி மாதம் விதைபோட்டு வளர்த்த அவரைக் கொடியைப் பற்றி.

"நீங்களா பாத்துப்பேள்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை அவள் அப்படி ஆராய்ந்ததில்லை.

"ஏன், பாத்துக்க மாட்டேனா?"

"அவரைக்காய் வாங்கிண்டு வாங்கோன்னா கொத்தவரங்காய் வாங்கிண்டு வந்தவர்."

"அது ஒரு தடவை."

"மூணு தடவை."

மயிலாப்பூரில் எங்களுடையது லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட். இரண்டாம் மாடியில் அவள், தலைக்கு மேலே அவரை, நடுவில் இருபத்திரண்டு படி. முதல் காயைத் தானே ஏறிப் போய்ப் பறிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே வைராக்கியம். பிசியோதெரபிக்காரப் பெண் காலை மடக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு "அவரை, அவரை" என்று ஜபிப்பாள். என் பெயரையும் நடுவில் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.

காலையில் சமையல், அப்புறம் தி. நகர் ஆபீஸ். வீடு திரும்ப ஏழு மணி. நேரே மாடிக்குப் போய் வீடியோ காலில் கொடியைக் காட்டுவேன்.

"ஒரே இருட்டு. உங்க மூக்குதான் தெரியறது" என்றாள்.

அந்த வருஷம் நாங்கள் கொலு வைக்கவில்லை. கொலுவுக்கு வாங்கிய ஃபோகஸ் லைட் பரணில் சும்மா கிடந்தது. அதை எடுத்துப் பந்தலில் கட்டினேன். கொடிக்கு ராஜகளை வந்துவிட்டது. சூடாமணி படுக்கையிலிருந்தே இலை இலையாக எண்ணினாள். செடிக்கும் துணையாக இருக்கட்டுமே என்று லைட்டை விடிய விடிய எரியவிட்டேன்.

கார்த்திகையும் வந்தது. கொடி பந்தலைத் தாண்டி வளர்ந்ததே தவிர ஒரு மொட்டுகூட இல்லை. பஞ்சகவ்யம் ஊற்றினேன். புளித்த மோர் தெளித்தேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கெஞ்சியும் பார்த்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டிய அடுத்த வீட்டு மாடியிலோ ஜமீலுன்னிசாவின் அவரை கொத்துக் கொத்தாகப் பூத்து மானத்தை வாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கால் சரியாக மடங்கவில்லை என்று சூடாமணி அழுதிருந்தாள். நான் மாடிக்குப் போனதும் வீடியோ காலில் கேட்டாள்: "பூ விட்டுதா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. சுவருக்கு மேலே கையை நீட்டி ஜமீலுன்னிசாவின் பூக்களைக் காட்டினேன். "பூத்துடுத்து, பார்!"

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

போனை வைத்துத் திரும்பினால், துணிக்கொடியில் தலையணை உறையை உதறியபடி ஜமீலுன்னிசா.

"இன்னா சார், எங்கூட்டுப் பூவைக் காட்டி எங்க அக்காவை ஏமாத்திக்கினு கீறீங்க?"

"ஏமாத்தல. கடன் வாங்கினேன்."

"இப்படி வந்து எட்டிப் பாருங்க."

அவர்கள் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் எங்கள் கொடியின் நுனி ஒன்று சுவர் தாண்டிப் போயிருந்தது. அதில் வெள்ளைப் பூக்கள்.

"எங்களுது ஊதா. இது உங்களுது" என்றாள் ஜமீலுன்னிசா.

"என் வீட்டுல சாப்பிட்டுட்டு உங்க வீட்டுல வந்து பூக்கறதா? நான் என்ன குறை வெச்சேன்?"

"லைட்டுதான் சார். ராவெல்லாம் கல்யாண மண்டபம் கணக்கா எரியுது. அவரைக்கு நீளமா இருட்டு வேணும், அப்பத்தான் பூ புடிக்கும். எங்க பக்கம் டேங்க் மறைவுல லைட்டு படல. அதான் பூத்துடுச்சு."

ஆக, அன்பு என்று நினைத்து இரண்டு மாதமாக ஒரு செடியைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறேன். அதை ஜீரணிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. எங்களுடையது வெள்ளை. விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தவளிடம் நான் ஊதாவைக் காட்டியிருக்கிறேன்.

கீழே இறங்கிப் போய்க் கட்டிலருகே நின்றேன்.

"உனக்கு அப்பவே தெரிஞ்சுடுத்தா?"

"எட்டு வருஷமா விதை எடுக்கறேன். தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அழகா இருக்குன்னே?"

"சுவத்து மேல எக்கி எக்கிக் காட்டினேளே. அழகாத்தான் இருந்தது."

லைட் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டிட்டா சாயங்காலம் உனக்குக் கொடி தெரியாதே" என்றேன்.

"கழட்டுங்கோ. எனக்கு உங்க மூக்கு தெரிஞ்சா போறும்."

லைட் பரணுக்குத் திரும்பியது. மூன்று வாரத்தில் மொட்டு வந்தது. நான் போனில் மூக்கை மட்டுமே காட்டினேன், மொட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

தை பாதியில் டாக்டர் சரி என்றார். இருபத்திரண்டு படியையும் ஒவ்வொன்றாக ஏறினாள். எங்கே தேவைப்படுமோ என்று பிளாஸ்டிக் நாற்காலியோடு பின்னாலேயே போனேன். மாடியில் பந்தல் நிறைய வெள்ளைப் பூ, நடுநடுவே விரல் நீளத்துக்குத் தட்டைக் காய்கள். முதல் காயைப் பறித்து, முகர்ந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னைப் புகழப்போகிறாள் என்று தயாரானேன். ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடை அடையா அசுவினிப் பூச்சி! கண்ணை எங்கே வெச்சிண்டிருந்தேள்? ஜமீலா, இவர்கிட்ட விட்டுட்டுப் படுத்தேன் பாரு!"

"செடி பொழைச்சதே பெரிசுக்கா" என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

நாற்காலியைப் பந்தலடியில் போட்டேன். அவள் உட்காரவே இல்லை.