ஆறு நாற்பதுக்கும் ஆறு நாற்பதுக்கும் நடுவே

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் தன் சிவப்பு ஹேட்ச்பேக் காரில் பந்தயத் தடத்தை முன்பைவிட ஒரு நொடி குறைவாகச் சுற்றிவந்த மறுநாள், அவருடைய மனைவிக்குக் காலை ஆறு நாற்பதுக்கும் ஆறு நாற்பதுக்கும் நடுவே மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அவள் கேட்டு வாங்கியதல்ல. அந்த நேரத்தில் அவள் கார் ஷெட்டில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ப்ரேக் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். தடத்தில் விரட்டி ஓட்டும் காருக்கு ப்ரேக் ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். அந்தக் காற்றை அவ்வப்போது வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு குழாய் மாட்டிய ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், செய்த வேலை எல்லாம் பாழ். ஆகவே கீழே படுத்திருப்பவர் "அமுக்கு" என்பார், "பிடி" என்பார், திருகை மூடியபின் "விடு" என்பார். அன்று "பிடி" வந்தது, "விடு" வரவில்லை.

அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். கணவர் கையில் ஸ்பேனரோடு, வாய் பாதி திறந்தபடி, அசையாமல் கிடந்தார். குழாய் முனையில் ஒரு சொட்டு ஆயில் விழாமல் தொங்கியது. தெருவில் ஒருவர் சைக்கிளில் காலை ஊன்றாமலே நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் யாரையாவது கூப்பிடத் தோன்றியது. ஆனாலும் பிடி என்று சொன்னவர் விடு என்று சொல்லாததால் காலை எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அந்தச் சொட்டு விழுந்தது. "விடு" என்றார் அவர். எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, கால் இப்படி நடுங்குது? ஒழுங்கா சாப்பிடறதே இல்லையா நீ?" என்று கடிந்துகொண்டார்.

அவள் மறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர் அப்படித்தான் சாதித்தார். அன்றே சொன்னாள். "என்னங்க, காலைல நேரம் அப்படியே நின்னுடுச்சுங்க. நான் மட்டும்தான் அசையறேன், நீங்க கல்லு மாதிரி கிடக்கீங்க." அவர் தலையை ஆட்டினார். "ம்... சரி சரி. அந்த டார்ச்சைக் கொஞ்சம் இப்படிக் காட்டு" என்றார். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லும்போது அவர் காதில் செருகியிருந்த கருவியில் யாரோ டயர் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கார் பிறந்தபோது ஆபீசுக்குப் போகவும் காய்கறி வாங்கவும் போதுமான கார்தான், கொஞ்சம் வேகம் அதிகம், அவ்வளவே. கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை. முதலில் பின் இருக்கையைக் கழற்றினார். அது வரவேற்பறையில் சோபாவாகப் போடப்பட்டது; விருந்தாளிகள் உட்கார்ந்தால் இடுப்பில் சீட் பெல்ட் கொக்கி குத்தும். பிறகு தரைவிரிப்பு போனது, ஸ்டெப்னி போனது, ஹாரனைத் தவிர சத்தம் தரும் எல்லாம் போனது. கனமான சக்கரங்கள் போய் இலேசானவை வந்தன. சூடேறினால்தான் பிடிக்கும் ப்ரேக் பேடுகள் வந்தன. குளிர்ந்த காலையில் அவை தெருமுனையில் கத்திய கத்தலில் குழந்தைகள் எழுந்துகொண்டன. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு நொடியையோ அரை நொடியையோ குறைத்தது. இரண்டு நிமிடம் இருபத்தொரு நொடியில் தொடங்கியவர் ஆறு வருடத்தில் இரண்டு நிமிடம் ஒன்பது நொடிக்கு வந்து சேர்ந்தார். அவர் குறைக்கும் ஒவ்வொரு நொடிக்கும் அவளுக்கு மூன்று மணி நேரம் என்பதில் எந்த மாற்றமும் இருக்கவில்லை. ஆறாம் வருடம் அவள் தினமும் ஆறு நாற்பதிலிருந்து ஆறு நாற்பதுக்கு வர முப்பத்தாறு மணி நேரம் ஆனது.

அவள் ஒரு பதிப்பகத்துக்குப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்திக் கொடுப்பவள். கடிகாரமும் நின்றுவிடும் என்பதால் பக்கக் கணக்கில்தான் நேரத்தை அளந்தாள், மணிக்கு எட்டுப் பக்கம். திங்கட்கிழமை அனுப்பிய புத்தகம் செவ்வாய்க்கிழமை திருத்தி வருவதைக் கண்டு பதிப்பகத்தில் குழம்பிப்போய், அவள் வீட்டில் நாலைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார்கள். வீட்டில் அரிசி பாதி மாதத்தில் தீர்ந்தது. கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடினார்.

வேலை முடிந்தபின் அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. தூங்குவாள், எழுவாள், இன்னும் ஆறு நாற்பதாகவே இருக்கும். ஷெட்டுக்குப் போய்க் கணவரைப் பார்ப்பாள். ஒரு நாள் போனெட்டுக்குள் குனிந்தபடி, இன்னொரு நாள் வீல் நட்டை முறுக்கும் நிலையில், மற்றொரு நாள் டயரின் தேய்மானத்தை விரலால் தடவியபடி. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அன்றைய சேதியெல்லாம் அவரிடம் சொல்லுவாள். மற்ற நேரத்தில் கேட்பதைவிட அப்போது அவர் நன்றாகக் கேட்பதுபோல் இருந்தது. அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். அலுத்துப்போய் ஒரு நாள் காருக்குள் ஏறி உட்கார்ந்து அவருடைய தடக் குறிப்பேட்டைப் படித்தாள். எந்த வளைவில் எங்கே ப்ரேக், எங்கே எந்த கியர் என்று எழுதியிருந்தார். கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'நான்காம் வளைவுக்கு நூறு மீட்டரில் ப்ரேக் என்கிறீர்கள், இரண்டு பக்கம் தள்ளி எண்பது என்கிறீர்கள். எது சரி?' என்று ஓரத்தில் எழுதினாள். அவர் அதைப் பார்த்து, எப்போது எழுதினாள் என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எண்பதுதான் சரி என்று பட்டதால் யோசனையை விட்டுவிட்டார்.

விஷயம் அவருக்குப் புரிந்தது மனைவியின் கண்ணால்தான். எழுத்து மங்குகிறது என்று அவள் கடைக்கு வந்தாள். கிட்டத்தில் படிக்கக் கூட்டல் ஒன்றே முக்கால் பவர் வேண்டியிருந்தது. அவர் மூன்று முறை சோதித்தார், தன் கருவியைச் சந்தேகித்துப் பக்கத்துக் கடைக் கருவியில் நான்காம் முறை சோதித்தார். அவரைவிட இரண்டு வயது இளையவள், பிறப்புச் சான்றிதழ்படி நாற்பது. கண்ணோ நாற்பத்தைந்து தாண்டியது என்றது. சான்றிதழில் எழுத்தர் தப்பாக எழுதலாம், கண் அப்படி எழுதாது என்பது இருபது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவருக்குத் தெரியும். அன்று மாலை அவளோடு டயர் கடைக்குப் போனபோது கடைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "உங்க அக்காவும் வந்திருக்காங்களா சார்? காபி சொல்லவா?" என்று கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி மனைவியை, ரொம்ப வருடம் கழித்து, முழுசாகப் பார்த்தார். காதோரம் நரை. கழுத்தில் மூன்று கோடு. டயரை மாற்றாமலே வீட்டுக்கு வந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேனே. டார்ச் காட்டச் சொன்னீங்க."

"திரும்பச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்ப்பா. நூறு தடவை சொன்னேன்." அந்த 'ப்பா' தானாக வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அவள் வாயிலிருந்து மரியாதைச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. தன்னைவிட மூன்றரை வயது சின்னவரை வாங்க போங்க என்று எத்தனை நாள் கூப்பிட முடியும்? "நான் கிழவியாகிட்டே போறேன். நீ ப்ளக் மாத்திட்டு இருக்க. இப்படியே போனா உன்னை யாருப்பா என் புருஷன்னு சொல்லுவாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவருக்குத் தெரிந்த வழியில் திருத்தப் பார்த்தார். சோபாவைத் தூக்கி மறுபடி காரில் பூட்டினார். ஸ்டெப்னியை வைத்தார். தடத்தில் நான்கு நிமிடத்தில் ஒரு சுற்று என்று ஊர்ந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ஒரு மணி நேரம்கூடத் திரும்பிப் போகவில்லை. குறைத்த நொடி குறைத்ததுதான். கடைசியில் காரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அரைநூலிடம் போனார். அரைநூல் என்பவர் அந்தக் காரின் மெக்கானிக். எந்தத் திருகையும் முறுக்கி முடித்தபின், துளி இறுக்கத்துக்கு, "இன்னும் ஒரு அரைநூல்" என்று சொல்லாமல் விடமாட்டார். அவர் முழுக் கதையையும் கேட்டார், ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று சொன்னால் எப்படிக் கேட்பாரோ அப்படி. பிறகு நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு தராசை வைத்து எடை பார்த்தார்.

"இதைக் கடைசியா யாரை உக்காரவெச்சு செட் பண்ணீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைக் கைகாட்டினார். ஓட்டுபவர் இருக்கையில் இருக்கும்போதுதான் நான்கு மூலை எடையையும் சமன் செய்ய வேண்டும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போன வருடம் ஸ்பிரிங்கைத் திருகத் தன் இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பெடல் மிதிக்க எப்போதும் உட்காருகிறவளையே உட்காரவைத்தார். தான் எண்பத்திரண்டு கிலோ, அவள் ஐம்பத்து நாலு என்பது அந்த நேரத்தில் மனசில் படவில்லை. அதற்குப்பின் எவ்வளவு முட்டிமோதியும் ஒன்பது நொடிக்குக் கீழே போக முடியாமல் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது அவங்க வண்டி" என்றார் அரைநூல். "நீங்க சும்மா கடன் வாங்கி ஓட்டிட்டு இருக்கீங்க. அவங்களே ஓட்டட்டும். உங்க டைமை அவங்க உடைச்சா கணக்கு உங்க பக்கம் வரும். வரலைன்னா எனக்குத் தெரியாது." இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு அந்தத் தடம் ஏற்கெனவே மனப்பாடம். ஆறு வருடக் குறிப்பேட்டை நான்கு முறை திருத்தியவள். நிற்கிற காரில், நிற்கிற கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் சுற்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தாள். ஆனாலும் முதல் நாள் இரண்டு நிமிடம் நாற்பது நொடி எடுத்தாள், இறங்கியதும் வாந்தி எடுத்தாள். அடுத்த மாதம் இருபது. ஏழாம் மாதம், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டுக்குள் நுழைந்தவள், இரண்டு நிமிடம் எட்டு நொடியில் கோட்டைத் தாண்டினாள். அந்த வருடக் கடைசிக்குள் ஆறுக்கு வந்தாள்.

எட்டு நொடியைத் தொட்ட அன்றே அவளுடைய முப்பத்தாறு மணி நேரமும் நின்றுபோனது. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குப் பிறகு ஆறு நாற்பத்தொன்று வந்ததைக் கண்டு அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எதையோ அடுப்பில் மறந்து வைத்துவிட்டதுபோல் வீடு முழுக்கச் சுற்றிவந்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்கோ மூன்று மணி நேரம் கிடைத்திருந்தது, ஆறு நொடி வந்தபோது அது ஒன்பதானது. முதல் வாரம் முழுக்க அவர் பயந்துகொண்டே இருந்தார். வீட்டுக்குள் அவள் கையில் கோப்பையோடு நிற்பாள், கோப்பையின் ஆவி நெளியாமல் நிற்கும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தோளைத் தொடுவார். பிறகு எதிரில் உட்கார்ந்து, அவள் இப்படித்தானே ஆறு வருடம் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நினைப்பார், அதற்குமேல் நினைக்கத் தெரியாமல் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிடுவார். தன் கண்ணாடி மட்டும் எப்படித் தூசியே படிவதில்லை என்று அவள் பல நாள் குழம்பியிருக்கிறாள்.

இப்படியே போனால் பதினோரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலாகும், இருவரும் ஒரே வயதுக்கு வர. அவள் இன்னும் இரண்டு நொடி குறைத்தால் சீக்கிரம் ஆகும். இதைப் பற்றி அவர்கள் சாப்பிடும்போது சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர் தன் வயதுக்கு வந்து சேரும்வரை அவரை நீ, வா, போ என்றே கூப்பிடுவது என்றும், அதற்குப்பின் யோசிக்கலாம் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள்.

ஓட்டம் முடிந்த மறுநாள் ப்ரேக்கில் காற்று எடுப்பது இன்றும் நடக்கிறது. இப்போது அவள் கீழே படுக்கிறாள், அவர் பெடலை மிதிக்கிறார். போன திங்கட்கிழமை பேச்சுவாக்கில் நேரத்தைக் கவனிக்கவில்லை. "அமுக்கு" என்றாள், "பிடி" என்றாள், ஆறு நாற்பது ஆகிவிட்டது. பக்கக் கண்ணாடியில் அவள் கையும் ஸ்பேனரும் தெரிந்தன. குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கியது. உலகமே நிற்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போகுமா போகாதா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. முதல் மணி முடிவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான், கால் நடுங்குகிறது, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா என்று ஒருத்தியைக் கேட்டது அவருக்கு நினைவு வந்தது. ஒன்பது மணி நேரமும் அவர் காலை எடுக்கவில்லை. பிறகு சொட்டு விழுந்தது. கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"விடு."